சேதம் எப்போது நடந்தது

அண்ணியின் அலுவலகத்தில் ஸ்பெல்லிங் புரோகிராமை ஏற்றிக் கொடுத்தது நான்தான். ஆகவே அதற்குப் பிறகு அங்கே நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது என் சுபாவம். வீட்டில் பால் திரிந்தால்கூட, பாத்திரத்தை நான் சரியாகக் கழுவவில்லையோ என்றுதான் முதலில் தோன்றும்.

பகலில் ஒரு டயர் கடையில் பில் போடுகிறேன். மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. ஆறு பேருக்கு ஒரு மிஷின். நான் தட்டும் நேரத்தைவிட மற்றவர்கள் தட்டுவதைப் பார்க்கும் நேரம்தான் அதிகம். ஆனாலும் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்டவள் நான் ஒருத்திதான். அதனால் அண்ணி எனக்கு 'புரொபசரம்மா' என்று பெயர் வைத்திருந்தாள்.

அண்ணி டைப்பிஸ்ட். அவளுடைய முதலாளி, சரக்குச் சேதத்தை மதிப்பிடுகிறவர். கப்பலிலோ லாரியிலோ வந்த சரக்கு நனைந்தாலும் உடைந்தாலும் இன்சூரன்ஸ்காரர்கள் அவரைத்தான் அனுப்புவார்கள். அவர் போய்ப் பார்த்து, எவ்வளவு சேதம், எப்போது நடந்தது, அப்போது சரக்கு யார் பொறுப்பில் இருந்தது என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவார். அதை அண்ணி டைப் செய்வாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் இரண்டு வேலையும் அண்ணனின் சிநேகிதர்கள் சொல்லிக் கிடைத்தவை. இது அவளாகப் படியேறிப் போய்க் கேட்டு வாங்கியது. இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் முதலாளி அவளை அதன் முன்னால் உட்காரவைத்து, "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சரியா வந்தா நிரந்தரம். இல்லன்னா இன்ஸ்டிட்யூட்ல படிச்ச பொண்ணு யாரையாவது போட்டுக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

மிஷினோடு வந்த பெட்டியில் ஸ்பெல்லிங் புரோகிராமின் இரண்டு ஃப்ளாப்பிகள் பிரிக்காமலே கிடந்தன. அதைப் போட்டுக் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று அண்ணி நினைத்தாள். ஒரு சனிக்கிழமை காலை என்னை அழைத்துப்போனாள்.

நீளமான ஒரே அறை. ஒரு கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி. ஜன்னலோரம் ஒரு பழைய டைப்ரைட்டரும், அதன் பின்னால் எல்லோரும் 'பெரிய டைப்பிஸ்ட்' என்று அழைக்கும் மனிதரும். நடுவில் கம்ப்யூட்டர், வீட்டுத் திரைச்சீலைத் துணியில் தைத்த உறைக்குள் இருந்தது. உறையை முதலாளியே வந்து எடுத்து, மடித்து, நாற்காலி முதுகில் போட்டார்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி முதலில் ஃப்ளாப்பிகளுக்கு நகல் எடுத்தேன். மூல ஃப்ளாப்பிகளை உறையிலிட்டு முதலாளியிடம் கொடுத்தேன். பிறகு நகலை ஏ டிரைவில் போட்டதும் புரோகிராம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. திரை கலரா, கறுப்பு வெள்ளையா? எத்தனை டிரைவ்? அகராதி எதில் இருக்கும்? புதிய வார்த்தைகளை எதில் எழுதுவது? பாதிக் கேள்விகளுக்குத்தான் எனக்கு உறுதியாகப் பதில் தெரிந்தது. மீதிக்குக் கையேட்டைப் புரட்டினேன்.

"வாடகைக்கு வீடு கேட்டுப் போனப்பகூட நம்மகிட்ட இவ்வளவு கேக்கலடி" என்றாள் அண்ணி.

"அட்வான்ஸ் கேக்காம இருக்கேன்னு சந்தோஷப்படும்மா" என்றார் பெரிய டைப்பிஸ்ட், தலை நிமிராமல்.

புரோகிராம் வேலை செய்யும் விதம் எளிமையானது. டைப் செய்து சேமித்த அறிக்கையை அது முதலில் ஒருமுறை வாசித்து, தன் அகராதியில் இல்லாத வார்த்தைகள் எத்தனை என்று திரையின் மேலே ஒரு எண்ணைக் காட்டும்; அன்று கொடுக்கும் அடுத்த அறிக்கைகளின் கணக்கும் அதோடு கூடும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வந்து நம்மிடம் கேட்கும். தப்பாக இருந்தால் திருத்தலாம். சரியாக இருந்தால் அப்படியே விடலாம், அல்லது 'இதையும் தெரிந்துகொள்' என்று சேர்க்கலாம். சேர்த்துவிட்டால் அப்புறம் கேட்காது. ஒரு அறிக்கை முடிந்ததும் திருத்திய அறிக்கையை ஃப்ளாப்பியில் எழுதிவிட்டு, அடுத்தது எது என்று கேட்டு நிற்கும். எல்லாம் முடிந்தால் எக்ஸ் தட்டி வெளியே வர வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

முந்தின நாள் அறிக்கைகளைக் கொடுத்தோம். டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டது. திரையில் அறுபத்து மூன்று என்று வந்தது.

முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அறுபத்து மூணு தப்பா?"

"தப்பு இல்ல சார், சந்தேகம்தான்" என்றேன். "கப்பல் பேரு, துறைமுகத்துப் பேரு, கெமிக்கல் பேரு இதெல்லாம் அதுக்குத் தெரியாது."

"என் தொழில்ல சந்தேகம்னு வந்தாலே அங்க ஏதோ தப்பு இருக்குன்னு அர்த்தம்மா."

"ஒரு தடவை சொல்லிக் கொடுத்துட்டா மறுபடி கேக்காது சார். போகப்போகக் குறையும்."

"குறையும்ங்கிறே?"

"கண்டிப்பா சார்."

இந்தக் 'கண்டிப்பா'வை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பஸ்ஸில் வரும்போதே தோன்றியது.

எண் குறையவில்லை. இரண்டாவது வாரத்திலும் அறுபது, ஐம்பத்தெட்டு, ஒருநாள் எழுபத்து ஒன்று. முதலாளி மாலையில் வந்து திட்டமாட்டாராம். "இன்னிக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்பாராம். அண்ணி சொல்வாள். அவர் 'ம்' என்பார். அந்த 'ம்'மை வீட்டில் வந்து அண்ணி செய்து காட்டினாள். மூக்கிலிருந்து ஆரம்பித்து வயிற்றில் போய் முடிகிற 'ம்'.

"பெரிய டைப்பிஸ்ட் வேற, காலையில வந்ததும் 'ஸ்கோர் என்ன'ங்கறார்" என்றாள்.

அண்ணன் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பிளேயர் சரியில்லையா, கோச்சு சரியில்லையா?" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"சரி, வேலை போனா போகுது. இதுக்குப் போய்..."

"போனா போகுதுன்னு சொல்றதுக்கு அது உங்க வேலை இல்ல."

அண்ணன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான்.

நான் நகல் எடுத்ததில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அண்ணியிடம் அந்த ஃப்ளாப்பியைக் கேட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன். என் முறை வந்ததும் பத்து வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தேன். வெளியே வந்தேன். மிஷினை அணைத்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். பத்தையும் நினைவு வைத்திருந்தது. ஆனால் அண்ணி இத்தனை நாளும் சொல்லிக் கொடுத்த ஒரு கப்பல் பெயர்கூட அதில் இல்லை. என் பத்து வார்த்தைகளை நீக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஃப்ளாப்பியில் குறை இல்லை. நான் போட்டுக் கொடுத்த பதில்களிலும் குறை இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை எப்படிக் கேட்பது என்று யோசித்து, யோசித்த எதையும் சொல்லாமல், வேறு மாதிரி கேட்டுவிட்டேன்.

"அண்ணி, நீங்க சேர்க்கற கீயைத்தான் தட்டறீங்களா? இல்ல, அப்படியே விடற கீயையா?"

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நின்றது.

"அப்போ, சேத்தேன் சேத்தேன்னு நான் பொய் சொல்றேனா?"

"அப்படி இல்ல அண்ணி..."

"அவருக்கு எனக்கு டைப் அடிக்கத் தெரியலன்னு சந்தேகம். உனக்கு எனக்குப் படிக்கவே தெரியலன்னு சந்தேகம். கடைசியில நாத்தனார் வேலையைக் காட்டிட்டேல்ல?"

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. 'புரொபசரம்மா' என்றுகூடக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு, அவள் பின்னாலேயே பஸ் ஏறினேன். ஏன் வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை. டிக்கெட் மட்டும் இரண்டாக வாங்கினாள்.

அன்று முழுவதும் ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து டைப் செய்த அறிக்கைகளை நாலு மணிக்கு மேல் வரிசையாகப் புரோகிராமுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் அசல் கையெழுத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டாள். சரியென்றால் சேர்க்கும் கீயைத்தான் தட்டினாள். 'சேர்க்கப்பட்டது' என்று திரை பதில் சொன்னது. முதல் அறிக்கையில் சேர்த்த கப்பலின் பெயர் மூன்றாவது அறிக்கையிலும் வந்தது. புரோகிராம் கேட்கவில்லை. ஆக, கற்றுக்கொண்டிருக்கிறது. பிறகு எப்போது மறக்கிறது?

கடைசி அறிக்கை முடிந்தது. அடுத்தது எது என்று புரோகிராம் கேட்டு நின்றது. அண்ணி தாள்களை அடுக்கினாள். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு முதலாளி வந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். ஒரே ஒரு நிமிஷம்..."

"எல்லாம் எழுதியாச்சுங்குதே? எழுந்திரும்மா. பாவம், காலையிலேருந்து எரியுது, சூடா இருக்கும்."

திரையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு குனிந்து சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். திரையின் வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கிக் காணாமல் போனது. ஃப்ளாப்பிகளை வெளியே எடுத்து உறையில் போட்டார். துணி உறையைப் போர்த்தி, நாலு மூலையும் இழுத்துச் சரிசெய்தார். "இன்னிக்கு எத்தனை?" என்றார்.

"அறுபத்து ரெண்டு சார்."

"ம்."

ஸ்டூலிலிருந்து எழுந்த நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பெரிய டைப்பிஸ்ட் என்னைப் பார்த்து, "என்னம்மா, பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி நிக்கறே?" என்றார்.

தெருவுக்கு வந்ததும் அண்ணியின் கையைப் பிடித்தேன். "அண்ணி, எக்ஸ் தட்டாமலே அணைச்சிட்டார்."

"தினமும் அப்படித்தான் அணைக்கிறார். அறிக்கையெல்லாம் அப்பப்போ எழுதிடுதே. அப்புறம் எக்ஸ் என்னத்துக்கு? போயிட்டு வரேன்னு சொல்ற மாதிரி ஒரு மரியாதைன்னு நெனச்சேன்."

"அறிக்கையை அப்பப்போ எழுதிடும் அண்ணி. நீங்க சொல்லிக் கொடுத்த வார்த்தையை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு, எக்ஸ் தட்டினாத்தான் எழுதும். அதுக்குள்ள கரண்ட் போனா எல்லாம் போச்சு."

அண்ணி நின்றாள். "போயிட்டு வரேன்னு சொல்லாட்டி, இருந்ததையே மறந்துடுமா? என் மாமியாரைவிட மோசமா இருக்கே!"

மாமியார் என்றால் என் அம்மா. நான் கேட்காத மாதிரி இருந்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து வந்த சிரிப்பு.

பஸ் நிறுத்தத்தில் நான் வழியும் சொன்னேன். முதலாளி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எக்ஸ் தட்டி வெளியே வந்துவிட்டால் போதும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமையிலிருந்து எண் தானாகக் குறையும். மாதக் கடைசிக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

"குறையும்" என்றாள் அண்ணி. "அவர் என்ன சொல்வார்? 'ஒரு ம் போட்டேன், திருந்திட்டா'ம்பார். வேலையும் குடுப்பார். அப்புறம் தினம் அந்த நாற்காலியில நான் திருந்தினவளா உக்காரணும். என்ன தப்புப் பண்ணித் திருந்தினேன்?"

"அவர்கிட்ட போய் 'காரணம் நீங்கதான் சார்'னு சொல்ல முடியுமா அண்ணி?"

"சொன்னா மிஷினுக்கு முன்னாடி என்னை ஆஃப் பண்ணிடுவார்."

பஸ் வந்தது. வழி முழுக்க எனக்கு, நல்ல யோசனையைச் சொன்னோமா, கோழை யோசனையைச் சொன்னோமா என்று குழப்பமாக இருந்தது.

மறுநாள் காலை அவளே என்னை எழுப்பினாள். "கிளம்பு. சாட்சி வேணும்."

அலுவலகத்தில் மிஷினைப் போட்டதும் முதலில் ஒரு நேற்றைய அறிக்கையைக் கொடுத்துப் பார்த்தோம். நேற்றுச் சொல்லிக் கொடுத்த கப்பல் பெயர்களை எல்லாம் புதிதாகப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டது. அண்ணி எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடிக் கதவைத் தட்டினாள். நான் பின்னால் போனேன்.

"சார், ஒரு சேதக் கேஸ். உங்ககிட்டக் கேக்கணும்."

முதலாளி பேனாவை மூடினார். சேதம் என்றதும் அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. "எந்தக் கப்பல்?"

"கப்பல் இல்ல சார். உள்ளூர் சரக்கு. தினம் ஒரு அம்பது அறுபது உருப்படி. சாயங்காலம் நல்ல நிலைமையில இருக்கு. மறுநாள் காலையில பாத்தா ஒண்ணுகூட இல்ல."

"பூட்டு?"

"உடையல."

"எலி, தண்ணி?"

"இல்ல சார்."

"சாயங்காலம் இருந்துதுன்னு யார் சொன்னா?"

"நேத்து இவ கூடவே உக்காந்து பாத்தா."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தேவைக்கு அதிகமாகவே ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

"காலையில திறக்கறது யாரு?"

"நான்தான் சார். திறக்கும்போதே காணோம்."

"அப்போ சேதம் ராத்திரியில. இல்லன்னா கைமாறும்போது." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எவ்வளவு போச்சுன்னு எல்லாரும் முதல்ல கேப்பாங்க. அது தப்பு. எப்போ போச்சுன்னு கேக்கணும். எப்போன்னு தெரிஞ்சா, யார் பொறுப்புன்னு தானா வந்துடும். சாயங்காலம் சரக்கை யார் எடுத்துக்கறா?"

"ஒருத்தர் வருவார் சார். வேணும்னு எதுவும் பண்றவர் இல்ல. ரொம்ப அக்கறையா எடுத்துப்பார். ஆனா ஒரு நிமிஷம் பொறுங்கன்னு சொன்னாப் பொறுக்கமாட்டார். உள்ள என்ன இருக்குன்னு பாக்காம அணைச்சு, மூடி வச்சுடுவார்."

"ஒப்படைச்சதுக்குக் கையெழுத்து?"

"இல்ல சார்."

"பொறுப்பில்லாத ஆளா இருக்கானே! பாக்காம எப்படி மூ..."

வெளியே டைப்ரைட்டர் சத்தம் நின்றது. முதலாளி வாக்கியத்தை முடிக்கவில்லை. கண்ணாடி வழியே கம்ப்யூட்டரைப் பார்த்தார். நாற்காலி முதுகில் மடித்துக் கிடந்த துணி உறையைப் பார்த்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. அண்ணி நகரவில்லை. அவள் கைகள் முன்னால் கோத்திருந்தன.

"சரக்கு என்னது?" என்று கேட்டார், மெதுவாக.

"வார்த்தைங்க சார். நான் அதுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைங்க."

அவர் எழுந்து வெளியே வந்தார். "காட்டு" என்றார் என்னிடம். திட்டுவது போலவும் இல்லை, சமாதானம் போலவும் இல்லை. துறைமுகத்தில் மூட்டையைப் பிரிக்கச் சொல்லும் குரல் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு கப்பல் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். எக்ஸ் தட்டினேன். டிரைவின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. மிஷினை அணைத்துப் போட்டேன். அந்தப் பெயரைக் கேட்கவில்லை. இன்னொரு பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். "இப்போ நீங்க அணைங்க சார், எப்பவும்போல." குனிந்து சுவிட்சை அணைத்தார். மறுபடி போட்டோம். அது கேட்டது. "திரும்ப" என்றார். திரும்பச் செய்தோம். மூன்றாவது தடவை அவரே உட்கார்ந்து ஒற்றை விரலால் எக்ஸைத் தேடித் தட்டினார். விளக்கு எரிவதைக் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு நாளும் இவ சேத்தது எல்லாம்?"

"போயிடுச்சு சார்."

அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். "இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"பேக்கிங் உன்னோடது. கடைசி வரியில 'எக்ஸ் தட்டி வெளியே வரவும்'னு இருக்கு. தட்டாட்டி என்ன ஆகும்னு எங்க இருக்கு? கண்ணாடிச் சாமான் பெட்டி மேல 'உடையும்'னு எழுதறதில்ல? அது இல்ல இதுல."

"இல்ல சார்" என்றேன்.

"அப்போ மூணுல ஒரு பங்கு உன்னோடது. ரெண்டு பங்கு எடுத்து வச்சவனோடது."

தன்னை அவர் 'எடுத்து வச்சவன்' என்றே சொன்னார். அந்த அளவுக்குத்தான் அவர் இறங்கி வந்தார். ஆனால் எனக்கு அதுவே பெரிய நிம்மதி. எப்போதும் முழுப் பழியையும் சுமந்தே பழகியவளுக்கு, விவரம் தெரிந்த ஒருவர் அளந்து பார்த்து மூன்றில் ஒன்றுதான் உன்னுடையது என்று சொன்னால் எப்படி இருக்கும்? மற்ற இரண்டையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன்.

"எனக்கு எவ்வளவு சார்?" என்றாள் அண்ணி.

"உனக்கு என்ன? சரக்கை நல்லபடியா ஒப்படைச்சவ நீ."

"அப்போ தினமும் நீங்க கேட்ட நம்பர்?"

அவர் துணி உறையை எடுத்தார். போர்த்த வேண்டிய நேரம் இல்லையென்று உணர்ந்து மறுபடி நாற்காலியில் போட்டார். "அதெல்லாம் தள்ளுபடி. திங்கக்கிழமையிலேருந்து புதுசா ஆரம்பிப்போம். ஆனா ஒண்ணு, மாசக் கடைசின்னு சொன்னது மாசக் கடைசிதான்."

"அது போதும் சார்."

அவர் உள்ளே போனதும் பெரிய டைப்பிஸ்ட் தன் மிஷினைத் தட்டிக்கொடுத்தார். "இதை யாராலயும் அணைக்க முடியாது. அதனால இது எதையும் மறந்ததில்ல. கத்துக்கிட்டதும் இல்லன்னு வையி."

அண்ணி அந்தத் தாளைச் சுவரிலிருந்து பிய்த்து என் கையில் கொடுத்தாள். நான் புதுத் தாளில் எழுதினேன். கடைசி வரியைச் சிவப்பு மையில், மற்ற வரிகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

அடுத்த வாரம் எண் நாளுக்கு நாள் இறங்கியது. மாலையில் முதலாளி வந்து, "அதுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சுக்குக் குனிகிறாராம். ஒருநாள் மறந்து குனிந்தவரை, 'சார்!' என்று பெரிய டைப்பிஸ்ட் அறையின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாராம்.

மாதத்தின் கடைசி நாள் அண்ணி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள். அண்ணன் பேப்பரை இறக்கினான்.

"எத்தனைன்னு கேட்டார். நாலுன்னேன். 'ஸ்க்ரீன்ல பதினொண்ணு போட்டிருக்கே'ன்னார். 'ஏழு புதுக் கப்பல் சார். நாலுதான் என் கைத்தப்பு'ன்னேன். ஒவ்வொண்ணா உக்காந்து பாத்தார்."

"பாத்துட்டு?" என்றான் அண்ணன்.

"'நாலுதான்'னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார். நிரந்தரம்."

அண்ணன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, டீ போடுகிறேன் என்று எழுந்தான். அவன் டீ போட்டால் யாரும் குடிக்க முடியாது. இருந்தாலும் அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அந்த நாலு எது அண்ணி?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் மிஷினுக்கும் நடுவுல, புரொபசரம்மா" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.